நாண்டில் டிடி கட்டளை போதாது

லினக்ஸ் போர்டில் இருக்கும் நாண்ட் ஃபிளாஷ் நினைவக சிப்பில் சிஸ்டம் இமேஜை (முழு நகல் கோப்பை) எழுத, "எஸ்டி கார்டுக்குப் போடுற அதே டிடி கட்டளையை எம்டிடிபிளாக் மேல போட்டா போதும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். டிடி என்பது பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் லினக்ஸ் கட்டளை; எம்டிடிபிளாக் என்பது அந்த ஃபிளாஷை லினக்ஸ் ஒரு டிஸ்க் போலக் காட்டும் பெயர். எஸ்டி, இஎம்எம்சி (போர்டிலேயே பதித்த சேமிப்பு சிப்) இரண்டுக்கும் டிடி சரி. அவற்றுக்குள் இருக்கும் கன்ட்ரோலரே கெட்டுப்போன பிளாக்குகளை (நினைவகப் பகுதிகளை) மறைத்துவிடும். வெறும் நாண்டில் அந்தக் காவலாள் கிடையாது.

நாண்ட் சிப் தொழிற்சாலையிலிருந்தே சில கெட்ட பிளாக்குகளோடு வரலாம். டிடிக்கு அவற்றைத் தாண்டிப் போகத் தெரியாது. நாண்ட்ரைட் என்ற எழுதும் கட்டளை தாண்டும், ஆனால் எழுதும் முன் அழிக்காது. முதலில் ஃபிளாஷ்_இரேஸ் என்ற அழிக்கும் கட்டளையை ஓட்ட வேண்டும். ஏனென்றால் எழுதும்போது ஒரு பிட்டை 1-லிருந்து 0 ஆக்கத்தான் முடியும். திரும்ப 1 ஆக்க முழு பிளாக்கையும் (பல சிப்களில் 128 கேபி) அழித்தாக வேண்டும்.

யூபிஐ (வெறும் ஃபிளாஷின் பிளாக்குகளை நிர்வகிக்கும் லினக்ஸ் அடுக்கு) இமேஜ் என்றால் இந்த இரண்டு கட்டளைகளுமே வேண்டாம், அதற்கான யூபிஐஃபார்மேட் கட்டளையைப் போடுங்கள். ஒவ்வொரு பிளாக்கும் எத்தனை முறை அழிக்கப்பட்டது என்ற கணக்கை அதுதான் காப்பாற்றும். உங்கள் போர்டில் டிடி வேலை செய்தது என்றால், இமேஜ் விழுந்த இடத்தில் கெட்ட பிளாக் இல்லை, அவ்வளவுதான்.