மலைப்பூண்டும் மாரடைப்பும்: ஒரு திருத்தம்

"மலைப்பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடித்தால் இதய அடைப்பு கரைந்துவிடும், நெஞ்சுவலிக்காக இரவில் மலையிறங்க வேண்டாம், விடிந்ததும் போகலாம்" என்று ஒருவர் எழுதியிருப்பது ஆபத்தான அறிவுரை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டின் மீது எனக்கும் மதிப்பு உண்டு; பூண்டு கொழுப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஓரளவு குறைக்கக்கூடும் என்பதும் உண்மையே. ஆனால் மாரடைப்பின்போது, இதயத் தமனியின் உட்சுவரில் படிந்திருந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துக்கொள்ள, அப்பால் இருக்கும் இதயத் தசை இரத்தமின்றி மடியத் தொடங்குகிறது. அந்த உறைவைப் பூண்டுப்பால் கரைக்காது. அதைக் கரைக்கும் ஊசிமருந்தை 12 மணி நேரத்துக்குள், அதிலும் முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் செலுத்தினால்தான் பலன் அதிகம்.

பூம்பாறை, மன்னவனூர் போன்ற கொடைக்கானல் மேல்மலை ஊர்களிலிருந்து அடிவாரத்திலுள்ள வத்தலக்குண்டுக்கு இறங்கவே சில மணி நேரம் ஆகிவிடும் என்பதால், விடியும்வரை காத்திருக்க நமக்கு அவகாசமே இல்லை. உடனே 108-ஐ அழையுங்கள். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரத்த உறைவைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டேட்டின் ஆகியவற்றின் முதல் வேளை மருந்தைக் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வரலாம். அதை வாயுத்தொல்லை என்று தள்ளிவிடாதீர்கள். இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், பூண்டை மருந்தளவில் தினமும் சேர்த்தால் இரத்தக்கசிவு கூடக்கூடும் என்பதால், முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.