குழுவை விட்டு ஏன் வெளியேறினேன் என்று கேட்டவர்களுக்கு

புதன்கிழமை இரவு நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். சொல்லாமல் கொள்ளாமல் ஏன் வெளியேறினாய் என்று பதினோரு பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதத் தெம்பில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நம்மோடு படித்தவன் 41 வயதில் மாரடைப்பில் போய்விட்டான். கண்ணீர் அஞ்சலிப் படம் வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "எல்லாம் அந்தக் கொரோனா ஊசி செய்த வேலை" என்று ஒரு நண்பர் எழுதினார். கீழே வரிசையாக "உண்மைதான்", "நானும் அதையேதான் நினைத்தேன்". அவனுக்குச் சர்க்கரை இருந்தது. அவன் அப்பாவும் ஐம்பதைத் தாண்டாமல் இதே நெஞ்சுவலியில் திடீரென்று போனவர். இது அந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

2021 செப்டம்பர் 12 ஞாயிறு, முதல் மெகா தடுப்பூசி முகாம். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். எங்கள் பகுதிக்கு நம் பள்ளிக்கூடத்தில்தான் முகாம். வரமாட்டேன் என்ற அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தது அவன் அம்மா. வரிசையில் நின்று நானே பார்த்தேன். வியாழக்கிழமை துக்கத்துக்குப் போனபோது அந்த அம்மா என் கையை விடவே இல்லை. "நான்தானே கண்ணு கூட்டிட்டுப் போனேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நீங்கள் குழுவில் எழுதிய வரி அவர் காதுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் வெளியேறினேன்.

காரணம் தெரியாத சாவுக்குக் காரணம் சொல்லாதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

இதைத் தேடிப் பார்க்க யாரும் இல்லாமல் இல்லை. சென்னையில் இருக்கும், ஐ.சி.எம்.ஆர். எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இதற்கென்றே ஒரு ஆய்வு செய்து 2023இல் வெளியிட்டது. 18 முதல் 45 வயதுக்குள், நன்றாக இருந்து திடீரென இறந்த 729 பேரை எடுத்து, அதே வயதும் அதே சுற்றுவட்டாரமும் கொண்ட 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். தடுப்பூசியால் ஆபத்து கூடவில்லை. இரண்டு தவணையும் போட்டவர்களுக்குக் குறைந்தே இருந்தது. யாருக்குக் கூடியது தெரியுமா? குடும்பத்தில் திடீர் மரணம் நடந்தவர்களுக்கு, கொரோனாவில் மருத்துவமனையில் கிடந்து வந்தவர்களுக்கு, கடைசி இரண்டு நாளில் அளவுமீறிக் குடித்தவர்களுக்கு, உடம்பைக் கடுமையாக வருத்தியவர்களுக்கு. அவன் அப்பாவை நினைத்துப் பாருங்கள்.

"ஆஸ்ட்ராஜெனெகாவே கோர்ட்டில் ஒப்புக்கொண்டதே" என்று ஒருவர் நேற்று கேட்டார். ஆமாம், தன் ஊசியால் மிக அரிதாக ரத்தம் உறையலாம் என்று அந்த மருந்து நிறுவனம் ஒப்புக்கொண்டதாக 2024இல் செய்தி வந்தது. நம் ஊரில் போட்ட கோவிஷீல்டு அதே தடுப்பூசிதான், அதுவும் உண்மை. ஆனால் அந்தப் பிரச்சினை வரலாம் என்பது 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்டது. நம் நாட்டிலும் அடுத்த மாதமே 26 பேருக்கு அப்படி இருந்திருக்கலாம் என்றும், பத்து லட்சம் தவணைக்கு ஒன்றுக்கும் குறைவு என்றும் சொன்னார்கள். அது ஊசி போட்ட முதல் சில வாரங்களில் வருவது. ஆண்டுக்கணக்கில் கழித்து வரும் மாரடைப்பை அதோடு எப்படி முடிச்சுப் போடுகிறீர்கள்?

மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே கோவாக்சினுக்கு அனுமதி கொடுத்தார்களே என்றால், அந்தக் கோபம் எனக்கும் உண்டு. மக்களுக்குச் சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை. கட்டாயப்படுத்தினார்கள் என்பதைப் பற்றி இப்போது பேச எனக்குப் பொறுமை இல்லை.

என் அப்பாவுக்கு அப்போது 63 வயது, சர்க்கரை. 2021 மார்ச் 1ஆம் தேதியிலிருந்தே போட்டிருக்கலாம். கூட்டம் குறையட்டும் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் ஏப்ரல் 19 திங்கட்கிழமை போவதாக ஆதார் நகலைச் சட்டைப் பையில் எடுத்து வைத்திருந்தார். 15ஆம் தேதி நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போடுங்கள் என்று பேசியதை டிவியில் பார்த்துவிட்டுத்தான் அந்த முடிவு. விவேக் சொன்னார் என்பதற்காகவே வாசலில் புங்கன் கன்று வைத்தவர் அவர். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி விடியற்காலை விவேக் இல்லை. இதயக் குழாயில் முழு அடைப்பு, ஊசியால் வந்ததல்ல என்று மருத்துவர்கள் சொன்னதை அப்பா காது கொடுத்துக் கேட்கவில்லை. எதிர் வீட்டுக்காரர், "விவேக்கே போயிட்டாரு, நீங்க எதுக்கு சார் ரிஸ்க் எடுக்குறீங்க" என்றார். அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. பின்விளைவுகளை ஆராயும் மத்தியக் குழு, விவேக்கின் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று சொல்ல அக்டோபர் ஆனது. அப்பாவுக்கு அக்டோபர் வரவில்லை.

மே 21 அன்று தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. அதில் அப்பாவும் ஒருவர். படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்ஸிலேயே நான்கு மணி நேரம். ஐந்தாம் நாள் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள், அம்மாவுக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை.

ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா, நீயும் தெரியாத சாவுக்குக் காரணம்தானே சொல்கிறாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஒரு தவணை, ஒரு மாதம், பிழைத்திருப்பார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஒரு வாய்ப்பு இருந்தது, அதைப் பறித்தது போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை என்று மட்டும் சொல்வேன். எதிர் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அப்பாவின் நல்லதுக்குத்தான் சொன்னார். இன்றுவரை அவர் முகத்தை நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை.

எதிர் வீட்டுக்காரர் அப்படிச் சொன்ன அன்று அப்பா என்னையும் கேட்டார், "என்னம்மா, போடட்டுமா வேண்டாமா?" எனக்கும் பயமாக இருந்தது. "சரிப்பா, ரெண்டு வாரம் போகட்டும், பார்த்துக்கலாம்" என்று சொன்னேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வி எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று இப்போதாவது புரிகிறதா?

மறுபடியும் சேர்த்துவிடுகிறேன், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்கிறார் அட்மின். அந்த வரி அங்கே இருக்கும்வரை நான் வரமாட்டேன். எழுதிய நண்பர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். வருகிற ஞாயிறு காரியம், எப்படியும் வருவார். அந்த அம்மாவிடம் போய் உட்கார்ந்து, நீங்கள் கூட்டிக்கொண்டு போனதில் தப்பில்லை, நான் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லட்டும்.