ஆமாம், வெறும் புகைபோக்கிதான்

இந்தியாவிலிருந்து வந்த ஒரு தம்பி, நான் இருக்கும் டார்வெனைப் பற்றி ஒரு வீடியோ போட்டிருக்கிறார். டார்வென், இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தில் உள்ள பழைய பஞ்சாலை ஊர். அந்த வீடியோவை எனக்கு அனுப்பி, "உங்கள் டார்வெனைக் கிழித்துவிட்டார், பார்த்தீர்களா" என்று சிரிப்புப் படம் போட்ட அத்தனை பேருக்கும் நன்றி. பார்த்தேன். காரை விட்டு இறங்காமல், கண்ணாடியைக்கூட முழுதாக இறக்காமல், "இங்கே ஒன்றுமே இல்லை, ஒரு புகைபோக்கி நிற்கிறது, அவ்வளவுதான்" என்று தம்பி தீர்ப்பு எழுதிவிட்டார். அடுத்த காட்சி, மான்செஸ்டரில் பிரியாணி.

அந்தப் புகைபோக்கி சுமார் 300 அடி உயரம். 1867-இல் கட்டி முடித்தார்கள். ஆலைப் புகையை வெளியேற்றும் குழாயை இத்தாலிய மணிக்கோபுரம் போல இழைத்து எழுப்பியிருக்கிறார்கள். அடியில் கிடக்கும் ஒற்றைக் கல்லை இழுத்து வர 35 குதிரைகளைப் பூட்டியதாகச் சொல்வார்கள். ஆலையின் பெயர் 'இந்தியா மில்'. இந்தியாவிலிருந்து வந்தவருக்கு அந்தப் பெயரைப் பார்த்தாவது காரை நிறுத்தத் தோன்ற வேண்டாமா? இறங்கிப் பார்த்திருக்கலாம்.

"எப்போதும் மழை" என்று வேறு சலிப்பு. லங்காஷயரில் மழை பெய்கிறது என்று கண்டுபிடித்ததற்கு வாழ்த்துகள். ஈரக்காற்றில் பருத்தி நூல் எளிதில் அறுந்துபோகாது. பஞ்சாலைகள் இந்தப் பக்கம் வந்து குவிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி வரப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். "நம் நெசவாளர் வயிற்றில் அடித்த ஆலைகளுக்கு வக்காலத்தா?" அடித்தன, மறுக்கவில்லை. லங்காஷயர் துணி நம் சந்தையை நிரப்பியது, நம் தறிகள் நின்றன. ஆனால் லாபம் போன வீடு வேறு, கூலிக்கு நின்றவர்கள் வேறு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பருத்தி வரத்து நின்றபோது இங்கே பட்டினி கிடந்தது யார்? முதலாளிகளா? 1931 செப்டம்பரில் காந்தி இதே டார்வெனின் ஸ்பிரிங் வேலில் வந்து தங்கினார். அந்நியத் துணி பகிஷ்காரத்தால் அடிவாங்கிய ஊர் இது. கிரீன்ஃபீல்ட் மில் வாசலில் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கையை உயர்த்தி ஆரவாரம் செய்கிறார்கள். அவரே இறங்கி வந்து பார்த்த ஊர், ஐயா!

மேலே குன்றில் இருக்கும் ஜூபிலி கோபுரத்தைத் தம்பி "ராக்கெட் பொம்மை" என்றார். இங்குள்ளவர்களும் அப்படித்தான் கிண்டல் செய்வார்கள், ஆனால் அது அவர்களுடைய கோபுரம். பறவை வேட்டைக்காக நிலப்பிரபு குன்றின் பாதைகளை அடைத்து வைத்திருந்தார். ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி 1896-இல் நடக்கும் உரிமையைப் பெற்றார்கள். 1898-இல் திறந்த கோபுரத்தில் பெயர் விக்டோரியா ராணியின் ஆட்சி விழாவுக்கு, வெற்றி இவர்களுக்கு. 2010-இல் காற்று அதன் கும்மட்டத்தையே பிய்த்து எறிந்தது. போனால் போகட்டும் என்று விட்டார்களா? புதிதாகச் செய்து ஏற்றிவிட்டார்கள்.

என் எதிர்வீட்டு மூதாட்டி நெசவாலையில் இருந்தவர். சாலைக்கு அந்தப் பக்கம் நின்று, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் பெரிதாக அசைத்து என்னிடம் பேசுவார். தறிச் சத்தத்தில் பழகிய பேச்சு. முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கோவையில் அப்பா வேலை பார்த்தது நூற்பாலையில். வீட்டிலும் பாதிப் பேச்சு கையால்தான் பேசுவார். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா துண்டால் தட்டிவிட்ட பிறகுதான் சாப்பாட்டுக்கு உட்கார விடுவார். அந்த மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. வாசல் தூண்கூட மிச்சமில்லை. அப்பா வேலை பார்த்த இடம் என்று என் பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு ஒரு செங்கல் இல்லை. இங்கே ஒரு புகைபோக்கி நிற்கிறது. அதைப் பார்த்து ஒருவர் கார் கண்ணாடி வழியாகச் சிரித்துவிட்டுப் போகிறார்.

பொறாமையில் எழுதுகிறேன் என்கிறார்கள். அவருக்குக் கிடைக்கும் பார்வைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நல்லபடியாகத்தான் அங்கே ஒரு பின்னூட்டம் போட்டேன். வந்த பதில், "மில்காரன் புத்தி". அதற்கு எழுபது பேர் விருப்பக்குறி. தெரிந்த முகங்களும் அதில் உண்டு.

மில்காரர் பிள்ளைதான். இல்லை என்று எப்போது சொன்னேன்?