கோமுகம் செல்ல யாத்திரைப் பதிவு மட்டும் போதாது

இந்தக் குழுவில் ஒரு நண்பர், உத்தரகாண்டின் நான்கு புனிதத் தலங்களுக்குச் செல்லும் சார்தாம் யாத்திரைக்கு இணையத்தில் பதிவு செய்துவிட்டால், அவற்றுள் ஒன்றான கங்கோத்ரியிலிருந்து, கங்கை ஊற்றெடுக்கும் பனியாற்றின் முகப்பான கோமுகம் வரை தடையின்றி நடந்து போகலாம் என்று எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். அன்புடன் சொல்கிறேன், அது சரியன்று.

அந்தப் பதிவு கங்கோத்ரி கோயில் தரிசனத்துக்கானது. கோயிலைத் தாண்டிக் கோமுகம் வரையிலான ஏறத்தாழ 18 கிலோமீட்டர் பாதை கங்கோத்ரி தேசியப் பூங்காவுக்குள் செல்கிறது. அங்கே நுழைய வனத்துறையின் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். இந்தியரோ, நம்மைப் போல் சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவரோ, எல்லாருக்கும் இதுதான் விதி. பனியாற்றைக் காக்க நாளொன்றுக்கு 150 பேர் என்ற வரம்பும் இருக்கிறது. நாம் பெரும்பாலும் ஜூன் பள்ளி விடுமுறையில்தான் கிளம்புகிறோம். கூட்டம் மிகுந்த மாதம் அது.

நீங்களே சரிபார்க்கலாம். யாத்திரைப் பதிவுச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் கோயிலின் பெயர்தான் இருக்கும், பூங்கா இருக்காது. உத்தரகாண்ட் வனத்துறையின் இணையத்தளத்திலோ உத்தரகாசி அலுவலகத்திலோ கேட்டால் உறுதி செய்வார்கள். முகவர் வழியாகப் போகிறவர்கள், உங்கள் பெயரும் தேதியும் உள்ள வனத்துறைச் சீட்டின் நகலைப் புறப்படும் முன்பே கேட்டு வாங்குங்கள். வயதான பெற்றோரை அவ்வளவு உயரம் வரை அழைத்துச் சென்று, சோதனைச் சாவடியில் திரும்ப நேர்வது மிகவும் வேதனையானது.