அரசு வழக்கறிஞர் நினைத்தால் வழக்கு முடிந்துவிடாது

"பாம்பன்ல மீன் வலைகளை அறுத்த வழக்கை அரசு வக்கீல் வாபஸ் வாங்கிட்டா அதோட சரி, கேட்க ஆளில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம்.

பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 360-வது பிரிவின்படி அரசு வழக்கறிஞர் மனு மட்டுமே போட முடியும். நீதிமன்றம் சம்மதிக்காமல் வாபஸ் செல்லாது. வலை இழந்தவரின் தரப்பைக் கேட்காமல் சம்மதிக்கவும் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321-வது பிரிவில் இல்லாத இந்தப் பாதுகாப்பு 1.7.2024 முதல் இருக்கிறது. பலருக்கு இது தெரியாமல் போவதுதான் வேதனை.

நீதிமன்றம் குற்றச்சாட்டை வனைந்த (முறைப்படி பதிவு செய்த) பிறகு வாபஸ் ஆனால் அது விடுதலைத் தீர்ப்பு. அதே குற்றத்துக்கு மறு விசாரணை கிடையாது. அதனால் வாய்தா தேதியை விடாமல் பாருங்கள். மனு வந்த அன்றே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், "அரசின் உத்தரவு" என்பதைத் தவிர மனுவில் சொந்தக் காரணம் இருக்கிறதா என்று கேளுங்கள். அரசு சொன்னதை அப்படியே ஒப்பிக்காமல், வழக்கறிஞர் தானே யோசித்து முடிவெடுத்திருக்க வேண்டும். மீறி அனுமதித்தால் உத்தரவின் சான்றிட்ட நகலோடு அதை மாற்றக் கோரி மேல் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடலாம். நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளை.