பொம்மைக் கார்களைக் கவிழ்த்துக் காட்டுங்கள்

மாதிரிக் கார் சேகரிக்கும் நண்பர்கள் தங்களிடம் உள்ளவற்றைப் படமெடுத்து இணையத்தில் அடுக்கி வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. கண்ணாடி அலமாரியில் நூற்றுக்கணக்கான கார்கள் வரிசைகட்டி நிற்கும் படத்தைப் பார்த்ததும் வாயைப் பிளக்கிறோம், விருப்பக்குறி இடுகிறோம், அடுத்த நிமிடமே மறந்தும் விடுகிறோம். ஆனால் சிலருடைய சேகரிப்புக்குள் நுழைந்தால் ஒரு மாலைப்பொழுது கரைந்ததே தெரிவதில்லை. இத்தனைக்கும் அவர்களிடம் முப்பது நாற்பது கார்கள் மட்டுமே இருக்கும். சேகரித்தவர் அந்தக் காரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரா என்பதில்தான் இந்த வேறுபாடு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யும் டை-காஸ்ட் காரின் பக்கவாட்டுத் தோற்றம் அது என்ன கார் என்பதை மட்டுமே சொல்லும். யார் செய்தார்கள், எந்த நாட்டில் செய்தார்கள், ஏறத்தாழ எந்தக் காலத்தில் செய்தார்கள் என்பதையெல்லாம் அதன் அடித்தகட்டில்தான் படிக்க முடியும். லண்டனில் 1947இல் தொடங்கப்பட்ட லெஸ்னி நிறுவனம் 1953இல் மேட்ச்பாக்ஸ் என்ற சிறு பொம்மை வண்டி வரிசையைக் கொண்டுவந்தது; அக்காலத்துக் கார்களின் அடியில் இங்கிலாந்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். 1982இல் லெஸ்னி நொடித்துப்போய், ஹாங்காங்கைச் சேர்ந்த யுனிவர்சல் நிறுவனத்தின் கைக்கு மாறிய பிறகு மக்காவ் என்று வருகிறது. அதன்பின் சீனா, தாய்லாந்து என்று ஊர்கள் மாறிக்கொண்டே போகின்றன. ஒரே வார்ப்பு அச்சிலிருந்து வந்த இரண்டு கார்களை அருகருகே கவிழ்த்து வைத்து எடுத்த ஒரு படம், பிரிட்டனின் பொம்மைத் தொழில் கிழக்கு நோக்கி நகர்ந்ததை நீண்ட கட்டுரையைவிடத் தெளிவாகக் காட்டிவிடும்.

அடித்தகட்டைப் படிக்கவும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ஹாட் வீல்ஸ் என்ற அமெரிக்கப் பொம்மைக் கார்களின் அடியில் இருக்கும் ஆண்டைப் பார்த்துவிட்டு அதுவே கார் தயாரான ஆண்டு என்று புதியவர்கள் எழுதிவிடுகிறார்கள். அது அந்த வடிவமைப்புக்கு உரிமை பதிவான ஆண்டு. அதே அச்சிலிருந்து பல ஆண்டுகள் கழித்தும் கார்கள் வந்துகொண்டிருக்கும். 2008 முதல் அடித்தகட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் தனியாக அச்சிடப்படுகின்றன. எழுத்து ஆண்டையும், இலக்கங்கள் வாரத்தையும் குறிக்கும். இதை விளக்கி ஒரு வரி எழுதும் சேகரிப்பாளரிடம் அடுத்த காரையும் பார்க்கத் தோன்றுகிறது.

அடுத்து நான் தேடுவது குறுகிய எல்லை. கிடைத்ததையெல்லாம் வாங்கிக் குவித்தவரைவிட, ஒரே ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டவர் நமக்கு அதிகம் சொல்கிறார். மேட்ச்பாக்ஸ் வரிசையில் 5ஆம் எண் கொண்ட சிவப்பு நிற லண்டன் மாடிப் பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1954இல் வந்த முதல் வடிவத்தின் பக்கவாட்டில் மேட்ச்பாக்ஸ் பொம்மைகளுக்கே விளம்பரம் இருந்தது. 1957இல் சற்றுப் பெரிதாக வந்த இரண்டாம் வடிவத்தில் பியர்டிராக்ஸ் என்ற பேரிக்காய்ப் பானமும், பிபி நிறுவனத்தின் எஞ்சின் எண்ணெயும், ‘பிளேயர்ஸ் பிளீஸ்’ என்ற சிகரெட் விளம்பரமும் இடம்பெற்றன. ஆம், சிறுவர்கள் தரையில் உருட்டி விளையாடும் பேருந்தில் சிகரெட் விளம்பரம்! அன்று லண்டன் தெருவில் ஓடிய பேருந்தில் அது இருந்ததால் பொம்மையிலும் இருந்தது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. 1961இல் ரூட்மாஸ்டர் என்ற புதுவகைப் பேருந்து, 1965இல் அதன் அடுத்த வடிவம் என்று வரிசை நீள்கிறது. சக்கரங்களும் ஈயநிற உலோகத்திலிருந்து சாம்பல் பிளாஸ்டிக்குக்கும், பிறகு கறுப்புக்கும் மாறுகின்றன. 1968இல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் வழுக்கிக்கொண்டு ஓடும் ஹாட் வீல்ஸை இறக்கியதும், லெஸ்னி 1969இல் பதறிப்போய் ‘சூப்பர்ஃபாஸ்ட்’ என்ற மெல்லிய சக்கர அச்சுக்குத் தாவியதை, ஒரே காரின் பழைய சக்கரத்தையும் புதிய சக்கரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பார்த்துவிடலாம்.

அளவைப் பற்றியும் சேகரிப்பாளர் பேச வேண்டும். 1:43 என்ற வினோதமான எண் எங்கிருந்து வந்தது என்று பலர் யோசிப்பதே இல்லை. லிவர்பூலில் மெக்கானோ நிறுவனத்தை நடத்திய ஃபிராங்க் ஹார்ன்பி பொம்மை ரயில்களும் செய்தார்; உண்மையான ஓர் அடிக்குப் பொம்மையில் ஏழு மில்லிமீட்டர் என்பது அங்கே ‘ஓ’ வகை ரயிலின் கணக்கு; அதைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 43இல் ஒரு பங்கு வரும். ரயில் நிலையத்தின் பக்கத்தில் நிறுத்துவதற்காக வந்த சிறு வண்டிகள்தாம் 1934இல் டிங்கி டாய்ஸ் என்ற பெயரைப் பெற்றன. மேட்ச்பாக்ஸின் கதை வேறு. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்ற விதி இருந்ததால், லெஸ்னியின் ஜாக் ஓடெல் தம் மகளுக்காகச் சின்னஞ்சிறு சாலை உருளை ஒன்றைச் செய்து கொடுத்தார் என்பார்கள். அங்கே பெட்டிதான் அளவுகோல். அதனால் பேருந்தும் காரும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் நிற்கும். அளவு தெரியாமல் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் படமெடுத்தால் பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும், காரணம் பிடிபடாது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது நேர்மை. பிரிட்டனின் கார்கி பொம்மை நிறுவனம் 1965இல் வெளியிட்ட ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் காரை அறியாத சேகரிப்பாளர் இருக்க முடியாது. திரைப்படத்தில் வெள்ளி நிறத்தில் வந்த கார் பொம்மையில் பொன்னிறமானது. வெள்ளி பூசினால் பெயிண்ட் அடிக்காத வார்ப்பு போலத் தெரியும் என்று அஞ்சினார்கள். கூரை திறந்து இருக்கையோடு தூக்கி எறியப்படும் அந்தச் சிறு மனிதன் முதல் வாரத்திலேயே காணாமல் போவது வழக்கம். இன்று அவனுக்கு மாற்று உருவம் விற்பனைக்குக் கிடைக்கிறது. பெட்டிக்கும் நகல் கிடைக்கிறது. உரிந்த பெயிண்டை முழுக்கச் சுரண்டி மறுபூச்சு அடித்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். இவற்றைச் செய்வதில் குற்றமில்லை. ஆனால் எது அசல், எது மாற்றியது என்று சொல்லாமல் பளபளப்பை மட்டும் காட்டும் சேகரிப்பை நான் பாதியிலேயே மூடிவிடுகிறேன். ‘டயர் புதிது, ரிவெட்டைத் துளையிட்டுத் திறந்தேன், பெட்டி நகல்’ என்று எழுதி, மூலைகளில் பெயிண்ட் உதிர்ந்த காரை அப்படியே காட்டுபவரிடம் நமக்கு நம்பிக்கை பிறக்கிறது. அட்டையையே பிரிக்காமல் வைத்திருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: முதலில் காரோடு சேர்த்து என்னென்ன கொடுத்தார்கள் என்று அறிய அவர்கள் உதவுகிறார்கள், ஆனால் பிளாஸ்டிக்குக்குள் கிடக்கும் காரைப் பார்ப்பதில் எனக்கு அவ்வளவாகச் சுவாரசியம் இல்லை. விலையையே பேசிக்கொண்டிருப்பவர்களிடம் அதுவும் இல்லை.

கெட்டுப்போனதையும் காட்டுங்கள் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். இக்கார்கள் துத்தநாகத்தோடு அலுமினியமும் சிறிது மெக்னீசியமும் செம்பும் கலந்த உலோகத்தில் வார்க்கப்படுகின்றன. அந்தக் கலவையில் ஈயம் சிறிதளவு புகுந்துவிட்டாலும், ஈரப்பதம் படப்பட உலோகத்தின் உட்துகள்களுக்கு இடையே அரிப்பு ஏற்பட்டு, கார் மெல்ல உப்பி, வளைந்து, விரிசல் விட்டு, இறுதியில் நொறுங்கிவிடும். 1930களின் டிங்கி கார்கள் பலவற்றுக்கு இந்த முடிவு நேர்ந்தது. இதற்கு மருந்து கிடையாது. உலர்ந்த இடத்தில் வைத்துத் தள்ளிப்போடலாம், அவ்வளவே. விரிசல் விட்ட காரை ஒதுக்கிவிடாமல் ஆண்டுதோறும் ஒரே கோணத்தில் படமெடுத்து வரிசையாக வைப்பவர், புத்தம்புதிய கார் ஒன்றால் ஒருபோதும் தர முடியாத பாடத்தைத் தருகிறார்.

படமெடுக்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1:43 அளவில் நிற்கும் மனிதனின் கண், தரையிலிருந்து நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கும். கேமராவை அந்த உயரத்துக்குத் தாழ்த்தி, கொஞ்சம் தள்ளி நின்று பெரிதாக்கி எடுத்தால், பொம்மை ஒரு காராகிவிடும். கைப்பேசியை மூக்கருகே கொண்டுபோனால் முன்பக்கம் மட்டும் உப்பித் தெரியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் தனியான ஒரு வாய்ப்பும் இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் டிங்கியின் பழைய வார்ப்பு அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் கார்களாக வெளிவந்தன. ஜாகுவார் ஈ-டைப்பும் அவற்றில் ஒன்று. டிங்கியின் பெயரை அழித்த தழும்போடு இருக்கும் அடித்தகடுகளை இங்கிலாந்துச் சேகரிப்பாளர்களே ஆசையோடு தேடுகிறார்கள். டிங்கியின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைப் பார்த்து அம்பாசடர் என்று எழுதுபவர்களுக்கு, அது அம்பாசடருக்கு முந்தைய இந்துஸ்தான் 14 காரின் மூல வடிவம் என்று சொல்ல நம்மால் முடியும். டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பிரிட்டிஷ் காரைச் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தயாரித்தார்கள். பின்னாளில் அதற்கு இங்கே நான்கு கதவுகள் வைத்தார்கள், பிரிட்டனில் கடைசிவரை இரண்டே கதவுகள்தாம். கார்கியும் டிங்கியும் செய்த ஹெரால்டுகளில் அதனால்தான் இரண்டு கதவுகள் இருக்கின்றன. வீட்டுப் பரணில் நிக்கி டாய்ஸ் கார் எதுவும் கிடந்தால், துடைத்துப் பளபளப்பாக்காமல் அப்படியே படமெடுத்துப் போடுங்கள். யார் வாங்கித் தந்தது, எந்தக் கடை, என்ன விலை என்பது வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருந்தால் அதையும் கேட்டுச் சேர்த்து எழுதுங்கள்.