ஸ்டிக்கைப் பிடித்து இழுக்காதீர்கள்

பார்வையில்லாத ஒருவர் ரோட்டைக் கடக்க நின்றால் உதவ ஓடிவருகிறவர்களுக்கு நம் சேலத்தில் பஞ்சமில்லை. ஆனால் வந்த வேகத்தில் பலரும் பிடிப்பது அவருடைய ஸ்டிக்கின் நுனியை. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் நடக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

மாங்காய் பறிப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவருவது சட்டென்று புரியும். சீசனில் அயோத்தியாப்பட்டணம் பக்கத்துத் தோப்புகளில் கவனியுங்கள். இரண்டு ஆள் உயரத் தொரட்டியை இலைக்கூட்டத்துக்குள் விடுபவர் மூங்கிலையும் பார்ப்பதில்லை, தன் கையையும் பார்ப்பதில்லை. இலை மறைத்த இடத்தில்கூட, கத்தி பட்டது காம்பிலா கிளையிலா என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு சுண்டு, காய் வலைக்குள். மூங்கில் அதிர்வது உள்ளங்கையில், அவர் உணர்வதோ கத்தி முனையில்!

இதை ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் அட்சுஷி இரிக்கி குழுவினர், கைக்கு எட்டாத தீனியை ரேக் போன்ற ஒரு வாருகோலால் இழுத்தெடுக்கக் குரங்குகளைப் பழக்கி, 1996இல் முடிவை வெளியிட்டார்கள். கைப்பக்கம் எதையாவது கண்டால் தூண்டப்படும் மூளைச் செல்கள், கோலைப் பயன்படுத்திய சில நிமிடங்களில் கோல் நீளும் இடத்தில் எங்கே எதைக் கண்டாலும் தூண்டப்பட்டன. கோலைச் சும்மா பிடித்திருந்தபோது அப்படி ஆகவில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம். புழங்கப் புழங்கத்தான் கோல் உடம்போடு சேருகிறது. 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், தினமும் ஸ்டிக்கோடு நடக்கும் பார்வையற்றவர்கள் அதைக் கையில் எடுத்ததும், அதன் நுனியருகே எழும் ஒலியை அவர்களுடைய மூளை கையருகே எழுந்த ஒலிபோல எடுத்துக்கொண்டது. கம்பில் எந்த இடத்தில் தட்டினாலும், கண்ணால் பாராமலே மனிதர்களால் அந்த இடத்தைச் சரியாகச் சொல்ல முடிகிறது என்று 2018இல் லூக் மில்லர் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது.

அப்படியென்றால் அந்த நுனியைப் பிடிப்பது யாரைப் பிடிப்பது? புது பஸ் ஸ்டாண்டில் ஒருவர் அப்படி இழுத்தபோது, ஸ்டிக் வைத்திருந்த இளைஞர் சொன்னது என் காதில் விழுந்தது: "அண்ணா, ஸ்டிக்க விட்ருங்க. நீங்க புடிச்சா கீழ என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது." இழுத்தவர் நல்ல மனுஷர்தான், அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தர வேண்டிய விஷயம் இது.

முதலில் பேசுங்கள். "எந்த பஸ்ஸுக்குங்க? கூட வரட்டுங்களா?" என்று கேளுங்கள். வேண்டுமென்றால் அவரே உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார், நீங்கள் அரை எட்டு முன்னால் நடந்தால் போதும். படி வந்தால் ஏறணுமா இறங்கணுமா என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஸ்டிக் தரையோடு போவது. தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தகரமும் போர்டும் அதில் தட்டாது, நேராக நெற்றியில்தான் இடிக்கும். அவற்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டுங்கள்.